உழைச்செல்வான்: திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் நான்காம் கூறும் நோயாளர் துணையும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளின் மருந்து அதிகாரம் (95) தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுகளாக வகுக்கிறது. முதல் மூன்று கூறுகளின் பொருளில் உரையாசிரியர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. நான்காமவரை மருந்து இயற்றுபவர் என்றும், கலந்து கொடுப்பவர் என்றும், அருகிருந்து துணைபுரிபவர் என்றும் வெவ்வேறாக உரைத்துள்ளனர். ‘உழை’ என்னும் சொல்லைத் திருக்குறளின் பிற இடங்களோடு ஒப்பிட்டு, நான்காமவர் நோயாளியின் பக்கம் இயங்கி உறுதி கூறும் கடமையுடையவர் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பரிமேலழகர் தரும் பண்புப் பட்டியலை வடமொழி மருத்துவ நூல்களோடும் இன்றைய மருத்துவமனைச் சூழலோடும் வைத்து மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், மருந்து, உழைச்செல்வான், பரிமேலழகர், நோயாளர் துணை, உரை மரபு.

முன்னுரை

மருந்து அதிகாரத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு திசைகளில் செல்கின்றன. ஒன்று, உணவளவு பற்றிய குறள்களை இன்றைய உணவியலோடு ஒப்பிடுவது. மற்றொன்று, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராயச் சொல்லும் 948ஆம் குறளை நவீன நோயறிதல் முறையோடு ஒப்பிடுவது. இரண்டும் வள்ளுவரின் அறிவியல் நோக்கைப் போற்றுவதில் நிறைவடைகின்றன. அதிகாரத்தை முடித்துவைக்கும் 950ஆம் குறள் ‘நால்வகைப் பாகுபாடு’ என்ற ஒற்றை வரிக் குறிப்போடு கடந்து செல்லப்படுகிறது.

அக்குறளின் அமைப்பு அவ்வளவு எளிதாகக் கடக்கத்தக்கதன்று. அதில் ‘மருந்து’ என்னும் சொல் இருமுறை வருகிறது. முதலில் நான்கு கூறுகளுள் ஒன்றாகவும், இறுதியில் நான்கும் சேர்ந்த முழுமையின் பெயராகவும் அது நிற்கிறது. நான்கும் கூடினாலன்றிப் பிணி தீராது என்பதால் தொகுதியையே மருந்து என்றார் எனப் பரிமேலழகர் இதனை விளக்குகிறார். இவ்விளக்கத்தை ஏற்றால், நோயாளியின் அருகில் நிற்கும் மனிதரும் மருந்தின் ஒரு பகுதியாகிறார். மாத்திரை இல்லாவிடில் மருத்துவம் எவ்வாறு குறைபடுமோ அவ்வாறே அவர் இல்லாவிடிலும் குறைபடும். இத்தகைய இடம் பெற்றவர் யார், அவர் கடமை என்ன, அவருக்கு எல்லை உண்டா என்ற வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

‘உழை’ என்னும் சொல்

‘உழை’ என்பது இடத்தையும் பக்கத்தையும் குறிக்கும் சொல். தொல்காப்பிய வேற்றுமையியல் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள்களை அடுக்கும்போது இதனையும் சேர்க்கிறது. அரசனின் பக்கத்தில் இருப்போரை ‘உழையர்’ என்று வழங்கும் மரபும் உண்டு.

திருக்குறளில் இச்சொல் ஆளப்படும் வேறிரண்டு இடங்கள் இங்கே ஒப்புநோக்கத்தக்கன. சுற்றந்தழால் அதிகாரத்தில் 530ஆம் குறள், அரசனின் பக்கத்திலிருந்து பிரிந்துபோய் ஒரு காரணத்தால் மீண்டு வருபவனைப் பற்றிப் பேசுகையில் ‘உழைப்பிரிந்து’ என்கிறது. அமைச்சு அதிகாரத்தில் 638ஆம் குறள் அமைச்சனை ‘உழையிருந்தான்’ என்றே சுட்டுகிறது. அரசன் பிறர் அறிவை மதியாமலும் தானாக அறியாமலும் இருப்பினும், அவனுக்கு உறுதியானதைக் கூறுவது பக்கத்தில் இருப்பவனின் கடன் என்பது அக்குறளின் கருத்து.

பிரிதல், இருத்தல், செல்லுதல் என்று மூன்று வினைகள் ‘உழை’யோடு சேர்கின்றன. அமைச்சனுக்கு ‘இருத்தல்’ பொருந்துகிறது. அவன் அவையில் அமர்ந்திருப்பவன். நோயாளியின் துணைக்கு வள்ளுவர் ‘செல்லுதல்’ என்ற வினையை அமைத்திருக்கிறார். அதனைப் பக்கத்தில் ஒழுகுதல் என்று கொண்டாலும், நோயாளியிடமும் அவருக்காக வேறிடத்துக்கும் சென்று வருதல் என்று கொண்டாலும், அசையாது அமர்ந்திருக்கும் நிலை அதில் இல்லை. வெளிநோயாளர் சீட்டு வாங்குமிடத்திலிருந்து இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும், அங்கிருந்து மருந்தகத்துக்கும், மீண்டும் படுக்கைக்கும் நடக்கும் ஒருவரின் நாளை இச்சொல் எளிதில் தாங்கும்.

இவ்விரு குறள்களின் இடவைப்பும் கருதத்தக்கது. பரிமேலழகரின் இயல் பகுப்பின்படி அங்கவியல் 64ஆம் அதிகாரமாகிய அமைச்சில் தொடங்கி 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் முடிகிறது. அரசன் பக்கத்தில் இருப்பவன் அதன் முதல் அதிகாரத்தில் வருகிறான். நோயாளி பக்கத்தில் செல்பவன் அதன் கடைசிக் குறளில் வருகிறான். பிற உரையாசிரியர்களின் பகுப்பு வேறுபடுவதால், இதனை வள்ளுவரின் திட்டமென்று துணிந்து கூற இயலாது. ஆயினும் பரிமேலழகர் வழியில் நூலைப் பயில்வோர் இவ்விருவரையும் சேர்த்து நோக்க இடமுண்டு.

உரை மரபில் நான்காமவர்

பரிமேலழகர் உழைச்செல்வானை மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்று உரைக்கிறார். ‘இயற்றுதல்’ என்பது மருந்தைச் செய்தலையும் குறிக்கும்; அதனை நோயாளிக்குச் செலுத்துதலையும் குறிக்கும். இந்த இருபொருள் பிற்கால வேறுபாடுகளுக்கு வழிவிட்டது எனலாம். ஜான் லாசரஸின் ஆங்கில உரைநடை முதற்பொருளின் வழியே சென்று நான்காமவரைக் கம்பவுண்டராக ஆக்கியது. 1886இல் வெளிவந்த ஜி.யு. போப்பின் செய்யுள் மொழிபெயர்ப்பு அவரை நோயாளியின் பக்கத்தில் காத்திருப்பவராகக் கண்டது. மு. வரதராசனார் அங்கிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்று இரண்டையும் இணைத்தார். மு. கருணாநிதி உரையில் அவர் அருகிருந்து துணைபுரிபவர் ஆகிறார். மருந்திலிருந்து மனிதரை நோக்கி உரை நகர்ந்திருப்பதை இவ்வரிசை காட்டுகிறது.

இந்நகர்வுக்கான வித்து பரிமேலழகர் உரையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் நான்கு பண்புகளாகப் பதினாறு பண்புகளை அவர் தருகிறார். நான்காமவருக்கு அவர் கூறுவன: நோயாளியிடம் அன்புடைமை, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லப்பட்டவற்றை அவ்வாறே செய்யும் வல்லமை, அறிவுடைமை. மருந்து இடிப்பவருக்கு நோயாளியிடம் அன்பு இருக்கவேண்டும் என்பது முதற்பண்பாக முடியாது. எனவே சொற்பொருளில் ‘இயற்றுவான்’ என்றவர், பண்பு கூறும்போது அருகிருந்து பேணுபவரையே கருதினார் என்பது தெளிவு. ‘கம்பவுண்டர்’ என்ற பெயர்ப்பு பரிமேலழகரின் சொல்லைப் பற்றிக்கொண்டு அவர் விளக்கத்தைக் கைவிட்டதாகும்.

இப்பட்டியலின் மூலம் வடமொழி மருத்துவ மரபில் உள்ளது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 9ஆம் இயலும், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சூத்திரஸ்தானம் முதல் இயலும் மருத்துவத்தின் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகளையும் கூறுகின்றன. பரிமேலழகரின் துணைவர் பட்டியல் வரிசையிலும் பொருளிலும் வாக்படருக்கு மிக நெருக்கமானது. அங்கும் அன்பு முதலிலும் அறிவு இறுதியிலும் நிற்கின்றன. சரகத்தில் பேணும் முறை அறிதல் முதலில் வருகிறது. அங்குக் கூறப்படும் அன்பு தலைவன்மீது கொள்ளும் அன்பு. அதாவது சரகம் காட்டும் துணைவர் ஒரு பணியாளர். வாக்படர் அன்பு யார்மீது என்று சுட்டவில்லை. பரிமேலழகரோ ‘ஆதுரன்’ என்று நோயாளியை வெளிப்படச் சுட்டுகிறார். எசமான் நோயாளியாகும்போது பணிவிடை செய்யும் ஊழியரிலிருந்து, நோயாளி என்பதாலேயே அன்பு செலுத்தும் மனிதரை நோக்கிய சிறு நகர்வு இது. தமிழ் உரை மரபின் பங்களிப்பாக இதனைக் குறிக்கலாம்.

பொருளுடைமை என்னும் முதற்பண்பு

அதே பட்டியலில் விமர்சனத்துக்குரிய இடமும் உண்டு. நோயுற்றவனின் நான்கு பண்புகளுள் பரிமேலழகர் முதலில் வைப்பது பொருளுடைமை. மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்தின் துன்பம் பொறுத்தல் ஆகியன அதன்பின் வருகின்றன. இதுவும் வாக்படரின் வரிசையே. சரகமோ நோயாளிக்கு நினைவாற்றல், சொற்கேட்டல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் என்ற நான்கையே கூறுகிறது. செல்வம் அதில் இல்லை. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் நோயாளிக்குப் பொருள் வேண்டும் என்ற குறிப்பு இல்லை. ஆகவே பொருளுடைமை மூலத்துக்கு வெளியிலிருந்து, இருந்த இரு மரபுகளுள் ஒன்றன் வழியாக உரைக்குள் வந்தது.

இதனைப் பரிமேலழகரின் குறை என்று மட்டும் கூறி விலகுவது எளிது. தம் காலத்து மருத்துவ நடைமுறையை அவர் ஒளிக்காமல் பதிந்தார் என்றும் கொள்ளலாம். இன்றும் பல குடும்பங்களில் சிகிச்சையின் முதல் வினா பணத்தைப் பற்றியதே. அவ்வினாவுக்குத் தமிழ்நாட்டில் அரசு சில விடைகளைத் தேடியிருக்கிறது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. 2009இல் தொடங்கி இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறும் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது.

இத்திட்டங்கள் பொருளுடைமையை நோயாளியின் தகுதிப் பட்டியலிலிருந்து நீக்க முனைந்தவை. ஆனால் அந்த இடம் வெறுமையாக விடப்படவில்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, மருத்துவமனையின் முன் அனுமதி என ஆவணங்கள் அங்கே வந்து அமர்ந்துள்ளன. படுக்கையில் இருப்பவர் இவற்றுக்காக அலைய இயலாது. பொருளின் சுமை குறைந்த அளவுக்கு உழைச்செல்வானின் நடை கூடியிருக்கிறது. அவ்வாறு நடக்க ஒருவரும் இல்லாத முதியவர், உரிமை இருந்தும் பயன் பெறாமல் போகக்கூடும். பொருளுடைமை என்ற பழைய தகுதி ‘ஆளுடைமை’ என்ற புதிய தகுதியாக மாறும் இடம் இது.

சொல்லியன செய்தலும் அறிவுடைமையும்

சொல்லப்பட்டதை அவ்வாறே செய்ய வேண்டுமெனில், சொல்லப்பட்டது புரியவேண்டும். மருந்துச் சீட்டில் ‘பி.டி.’ என்றால் நாளைக்கு இருமுறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மும்முறை; ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்படும்போது மட்டும். இலத்தீன் தொடர்களின் இச்சுருக்கங்கள் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் இடையிலான மொழி. அதனைப் பின்பற்றவேண்டியவரோ வீட்டில் இருக்கும் மகளோ மனைவியோ ஆவார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகிறது.

பிழை எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து சான்றாகும். முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே கொடுக்கப்படுகிறது. ஏனைய மாத்திரைகளைப் போல நாள்தோறும் கொடுத்துவிட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே கேடு நேரலாம். இங்கே அன்புடைமை காக்காது. ஒருநாளும் தவறாமல் கொடுக்கவேண்டும் என்ற அக்கறையே தீங்காகிவிடும். ‘வாரம் ஒருமுறை, இந்தக் கிழமையில்’ என்று தமிழில் எழுதித் தருவதும், அதனைத் திரும்பச் சொல்லச் செய்து கேட்பதும் காக்கும்.

இந்நோக்கில் சரகம் பேணும் முறை அறிதலை முதலில் வைத்தது பொருளுடையது. பரிமேலழகரின் பட்டியல் அன்பில் தொடங்கி அறிவில் முடிகிறது. நான்கும் வேண்டும் என்பதே அவர் கருத்து என்றாலும், பிற்காலப் போற்றுரைகள் முதற்பண்பை மட்டுமே பற்றிக்கொண்டன. குடும்பத்தின் அன்பு போற்றப்படும் அளவுக்கு, அக்குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதற்குக் கற்பிக்கப்பட வேண்டியதும் பேசப்படவில்லை.

உறுதி கூறுதலும் அதன் எல்லையும்

உழையிருந்தானுக்கு உறுதி கூறும் கடன் உண்டு எனில், அதே சொல்லால் குறிக்கப்படும் உழைச்செல்வானுக்கும் அக்கடனை நீட்டலாம். மருத்துவரிடம் அக்கடன் வினாக்களாக வெளிப்படும்: இந்தப் பரிசோதனை எதற்கு, வேறு வழி உண்டா, முன்பு ஒவ்வாத மருந்து இது என்பது தெரியுமா? கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் உள்ளது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன. ‘அதிகாரமளிக்கப்பட்டவர்’ என்ற அச்சொல்லில் உழைச்செல்வானுக்கு ஓர் இடம் கிடைக்கிறது.

எனினும் அவர் உற்றவனுக்கு மாற்றாகிவிட முடியாது. குறளின் வரிசையில் உற்றவனே முதலில் நிற்கிறான். நோய்நிலை உணர்த்தல் அவனுக்குரிய பண்பு என்கிறது உரை. நடைமுறையில் இது பலவேளைகளில் தலைகீழாகிறது. நோயாளியிடம் கேட்ட வினாவுக்கு உடன்வந்தவர் விடை கூறுகிறார். புற்றுநோய் என்ற செய்தி முதலில் மகனுக்குச் சொல்லப்படுகிறது, தந்தையிடம் மறைக்கப்படுகிறது. மறைப்பதற்குக் காரணமாகக் கூறப்படுவது அன்பே.

உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பொன்று இவ்வெல்லையைத் தெளிவாக வரைந்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அவர் தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. வயதுவந்த ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கும்போது, உயிர் காக்கும் அவசரம் இல்லாத நிலையில், தாயின் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. அருகில் நிற்பவர் பெற்ற தாயே ஆயினும், உடல் உற்றவருடையது. 638ஆம் குறள் இங்கும் வழிகாட்டுகிறது. அமைச்சன் உறுதியை எடுத்துக் கூறுகிறான். முடிவெடுக்கும் இடம் அவனுடையதன்று. மேலும் அங்கே அவன் கூறுவது அரசனிடமே. அவ்வாறு நோக்கினால், நோயாளியிடம் உண்மையை மறைக்கும் துணை தன் கடனில் பாதியை விட்டுவிட்டதாகிறது.

பண்புகள் மட்டும் போதுமா

பதினாறு பண்புகளுள் மூன்று மனிதர்களுக்கும் உரியவை கடமைகளும் தகுதிகளுமே. உழைச்செல்வானுக்கு என்ன தேவை என்ற வினா உரை மரபில் எழவில்லை. ‘செல்வான்’ என்னும் ஆண்பால் ஈறு இலக்கண மரபின்படி பொதுமையாகக் கொள்ளத்தக்கது. ஆனால் பேணும் பணி நடைமுறையில் பொதுமையாக இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப்பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டினரை ஊதியமின்றிப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும் எனினும், சுமை சாயும் பக்கம் தெளிவாகத் தெரிகிறது. பகலில் படுக்கையருகிலும் இரவில் நடைவழியிலும் கிடப்பவருக்கு உணவும் உறக்கமும் கழிப்பறையும் வேண்டும் என்பது மருத்துவத்தின் புறம்பான செய்தியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. உழைச்செல்வானும் மருந்தின் கூறு எனக் கொள்ளும் குறளின்படி, அது மருத்துவத்தின் உள்செய்தி.

இத்துணையைக் குடும்பத்திடம் மட்டும் விடாமல் சமூகம் ஏற்ற சில சான்றுகள் தமிழ்நாட்டில் உண்டு. 1956இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், ஒரே மருந்துகளை வீட்டில் இருந்து பெற்றவர்களையும் சானடோரியத்தில் தங்கிப் பெற்றவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வறுமையும் நெருக்கடியும் மிக்க வீடுகளில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்பது 1959இல் வெளியான அதன் முடிவு. அந்த வீடுகள் தனித்து விடப்படவில்லை. மருந்து இலவசமாகக் கிடைத்தது. மையத்தின் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று பார்த்தனர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு செல்கின்றனர். வலிதணிப்பு, இயன்முறை சிகிச்சைகளும் வீட்டுக்கு வருகின்றன. ‘உழைச் செல்லுதல்’ என்னும் தொடருக்கு இதனினும் நேரான நடைமுறை விளக்கம் காண்பது அரிது. இங்கே செல்பவரும் பெரும்பாலும் பெண்ணே என்பதும், அவர் உழைப்புக்கு உரிய மதிப்பும் ஊதியமும் என்ன என்பதும் தொடர்ந்து எழவேண்டிய வினாக்கள்.

முடிவுரை

உழைச்செல்வானை மருந்து கலப்பவராகக் கொள்ளும் உரை, ‘உழை’ என்ற சொல்லுக்கும் பரிமேலழகரின் பண்பு விளக்கத்துக்கும் பொருந்தவில்லை. அருகிருந்து துணைபுரிபவர் என்ற பிற்கால உரை பொருந்துகிறது. ஆயினும் 638ஆம் குறளோடு சேர்த்து நோக்கும்போது, உறுதி கூறும் கடமையும் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாத எல்லையும் அதனோடு சேர்க்கப்படவேண்டும். பொருளுடைமை நோயாளியின் பண்பு என்பது உரை வழியாக வந்தது, மூலத்தில் இல்லாதது என்பதைக் குறளைக் கற்பிக்கும் இடங்களில் எடுத்துக்காட்டுவது நன்று.

‘நாற்கூற்று’ என்ற சொல்லாட்சி நான்கையும் ஒரே நிரலில் வைக்கிறது. மருத்துவருக்குக் கல்வியும் மருந்துக்குத் தரமும் வேண்டும் என்று சமூகம் ஏற்றுக்கொண்டுள்ளது. நோயாளியின் உரிமையும் மெல்ல ஏற்கப்பட்டு வருகிறது. படுக்கையின் பக்கத்தில் நாற்காலிகூட இல்லாமல் நிற்கும் நான்காமவருக்கு அத்தகைய இடம் இன்னும் அமையவில்லை. அந்த இடம் 950ஆம் குறளில் அவருக்கு முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கிறது.